மணல்திட்டை வெட்டியவர்கள்

மகனே,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தது உன் அப்பாவின் போனுக்கு வந்த செய்தியில் தெரிந்தது. எனக்குத் தனியாக ஒன்று அனுப்பியிருந்தாய்: “ஸாரிம்மா, அடுத்த தடவை கண்டிப்பா சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவேன்.” நான் கோபமாக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது, எதற்காக என்பதுதான் தெரியவில்லை. விளமீன் குழம்பைத் தொடாமல் ரயிலுக்கு ஓடியதற்காக ஒருத்தி நான்கு நாள் பேசாமல் இருப்பாளா? இருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் இந்தத் தடவை காரணம் குழம்பு இல்லை.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். இரண்டாவது முறை நான் வாயைத் திறக்குமுன்பே “சரிம்மா, சரிம்மா” என்று ஆரம்பித்துவிட்டாய். அந்த “சரிம்மா”வை நான் அறிவேன். பத்து வயதில் கணக்குப் போடாமலே போட்டுவிட்டதாகத் தலையாட்டுவாயே, அதே குரல்தான். அதனால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவள் நான். கவனிக்காத பிள்ளைக்கு ஒரே விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. குறுக்கே பேசாமல் வாசி.

ஆபீஸ் வேலையாக நம் கடற்கரையை அளக்க வந்து, கடைசி நாள் கோயில் சமுதாயக் கூடத்தில் நீ பேசினாய் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். நம் மணல்திட்டை வானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் போட்டாய். ஊரே வாய் பிளந்து பார்த்தது, நானும்தான். இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல், நடுவில் வடக்கு தெற்காக இரண்டு மைல் நீளத்துக்கு, சேலைக்கு வைத்துத் தைத்த கரை மாதிரி ஒரு மணல் கோடு. தினமும் மிதித்து நடக்கிற இடம் இவ்வளவு மெலிசா என்று எனக்கே திக்கென்றது. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் அந்தத் திட்டின் மேல்தான் கொட்டகைகள் போட்டிருந்தார்கள் என்றாய். தோணியில் வந்த சிப்பியை அங்கேயே குவித்து, அழுகவிட்டு, திறந்து முத்தெடுத்துவிட்டு ஓடுகளை அப்படியே விட்டுப்போனார்கள் என்றாய். அந்த ஓடுகள் மணலுக்கடியில் ஒரு படுகையாக இறுகிக் கிடக்கின்றன, அதுதான் திட்டுக்கு முதுகெலும்பு, அது இருந்ததால்தான் இத்தனை காலம் கடல் கழிக்குள் வராமல் நின்றது என்று விளக்கினாய். அதுவரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த புது கன்னியாஸ்திரியிடம் “என் மகன்” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

பிறகு அடுத்த படத்தைப் போட்டாய். திட்டு நம் ஊர்ப் பக்கம் தரையோடு சேருகிற இடத்தில் ஓர் உடைப்பு. உடைப்புக்குத் தெற்கே கடற்கரையே இல்லை. “இது கடல் உடைச்சது இல்ல. கடல் இவ்வளவு நேர்கோடா உடைக்காது. இது மம்பட்டி வேலை” என்றாய். அது சரிதான். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? வடக்கு முகத்துவாரம் வரை சுற்றிப்போகச் சோம்பல்பட்டு, படகுக்குக் குறுக்குவழி வேண்டுமென்று இந்த ஊர் ஆண்கள் வெட்டியிருக்கிறார்கள் என்றாய். வெட்டியதை மறைக்க, கடல் உடைத்துவிட்டதாக அரசாங்கத்துக்குப் பொய் மனுவும் எழுதியிருக்கிறார்கள் என்றாய். சொன்னது மட்டுமில்லாமல் ஆவண அறையில் கண்டெடுத்த அந்தப் பழைய மனுவை ஆள் உயரத்துக்குத் திரையில் போட்டுக் காட்டினாய். ஆகவே திட்டு முழுவதையும் வேலிபோட்டு அடைக்கப் பரிந்துரைக்கப் போகிறேன், இனி வெள்ளமே வந்தாலும் ஊர்க்காரர்கள் யாரும் அதில் மம்பட்டி வைக்கக் கூடாது, வைத்தால் வழக்கு, தூத்துக்குடியிலிருந்து அனுமதி வந்த பிறகுதான் முகத்துவாரத்தைத் திறக்க வேண்டும் என்று முடித்தாய்.

“யார் வெட்டுனதுன்னு இங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாய். கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்போம். முதல் வரிசையில் இருந்த சூசை மாமாதான் மெதுவாக எழுந்தார்.

“கடல்தான் வெட்டுச்சு, தம்பி.”

நீ சிரித்தாய். “மாமா, ஸாட்டிலைட் பொய் சொல்லாது மாமா” என்றாய். அவர் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தபடி இருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் உனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

திட்டை வெட்டியது நான். அந்த மனுவை எழுதியதும் நான்.

அங்கே இருந்த நூறு பேரில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகளையும் அந்தக் கன்னியாஸ்திரியையும் தவிர எல்லோருக்கும் அது தெரியும். நீ திரையில் காட்டிய கையெழுத்தைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருத்தி வாய்க்குள் சேலையைத் திணித்துக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்கே அ, ஆ எழுதிக்கொடுத்த கையெழுத்து அது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் தவறாமல் உனக்கு வந்த கையெழுத்து. அதைப் போய் நாலு முழத்துக்குப் பெரிதாக்கி, சிவப்பு விளக்கால் வரி வரியாகச் சுட்டிக்காட்டி, “பாருங்க எவ்வளவு கூசாம எழுதியிருக்காங்க” என்று சொல்ல உனக்கு எப்படியடா முடிந்தது? கடலடி மண்ணை ஒரு சிட்டிகை கொடுத்தால் அது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாயாம், உன் அப்பா பெருமையடித்துக்கொள்வார். பெற்றவள் கையெழுத்து அடையாளம் தெரியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நான் ஏரல்காரி என்பதை மறந்துவிடாதே. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் ஆற்றுத் தண்ணீர்தான். வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டால் வரப்பை ஒரு மம்பட்டி வெட்டு வெட்டினால் வடியும், வடிந்ததும் அதே மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிடலாம். இங்கே டீச்சராக வந்து, உன் அப்பாவைக் கல்யாணம் செய்து, மூன்று வருஷம் ஆகியும் எனக்கு அந்த ஆற்றுக்கரைப் புத்திதான் இருந்தது. கழி கோடையில் மூடிக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும், நிரம்பியதும் ஊர் ஆண்கள் வடக்கே இரண்டு மைல் நடந்துபோய்ப் பழைய முகத்துவாரத்தை வெட்டித் திறப்பார்கள், பங்குனிக்குள் மணல் தானாக வந்து அதை மூடும். அங்கே வெட்டினால்தான் மூடும் என்று சொல்வார்கள். வீட்டுக்கு எதிரே திட்டு இருபத்தைந்து தப்படி அகலம்தான் இருக்கிறது, இதை விட்டுவிட்டு எதற்கு இரண்டு மைல் நடக்கிறார்கள் என்று நான் உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “அங்கனதான் வெட்டணும்” என்பார். ஏன் என்று சொல்லமாட்டார். இந்த ஊர் ஆண்களுக்குக் காரணம் சொல்வது என்றால் பல் பிடுங்குகிற மாதிரி.

உனக்கு ஐந்து மாதம். மேற்கே கரிசல் காட்டில் மூன்று நாள் விடாமல் கொட்டிய மழை ஓடை வழியாக வந்து கழியில் சேர்ந்தது. விடியும்போது வாசலில் இருந்த தண்ணீர் பத்து மணிக்கு அடுப்பை அணைத்தது. தொட்டில் கயிற்றை இரண்டு முறை ஏற்றிக் கட்டினேன். ஆண்கள் எல்லோரும் காலையிலேயே மம்பட்டியோடு வடக்கே போய்விட்டார்கள். கழிக்கரையில் நாற்பது வீடு, எல்லாம் மண்சுவர். நம் வீட்டின் பின்சுவர் ஊறி ஒரு பாளம் விழுந்தது. அப்போதுதான் ரெஜினா அக்கா முட்டளவுத் தண்ணீரில் நடந்து வந்தாள். சூசை மாமாவின் மனைவி ரெஜினா அக்கா, உன் வாயில் முதல் சோறு ஊட்டியவள். அவர்கள் வீடு அப்போது திட்டின் மேலேயே, மேட்டில், கடலைப் பார்த்து இருந்தது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உன்னை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் தன் மகள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இந்த இடத்தைக் கவனமாக வாசி. உன்னைக் காப்பாற்றத்தான் வெட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நீ ரெஜினா அக்கா வீட்டில் காய்ந்த துணியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் காப்பாற்றப் பார்த்தது வீட்டை. ஏரலிலிருந்து வந்த பீரோவை, கல்யாணச் சேலைகளை, என் சர்டிபிகேட்டுகளை, நானே மெழுகிய அந்தச் சுவரை. “யக்கா, எதுக்கு அவங்க வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும், இங்கயே வெட்டுவோம்” என்று சொன்னவள் நான். நாங்கள் இருவரும் இறங்கினோம். பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் கடகப் பெட்டியோடு வந்து மணலை அள்ளிக் கொட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் மம்பட்டி கல்லில் பட்டதுபோல் ‘டங்’கென்றது. பார்த்தால் சிப்பி ஓடு, அடுக்கு அடுக்காக, ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடந்தது. கை கொப்பளித்து உடைந்து ரத்தம் வந்தது. அதையும் கொத்தி எடுத்தோம். நீ முதுகெலும்பு என்று சொன்னாயே, அதைத்தான்.

மூன்று மணிக்குக் கழித்தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. முதலில் குடத்துத் தண்ணீர் மாதிரிதான் போனது. நாங்கள் கைதட்டினோம். அரை மணி நேரத்தில் தாண்ட முடியாத அகலமானது. அதற்குப் பிறகு மணல் எங்கள் கண்முன்னால் வெல்லம் கரைகிற மாதிரி கரைந்தது. ரெஜினா அக்கா, வெட்டுக்கு எங்கள் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். உன்னையும் தன் மகளையும் இரண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினாள். அந்த வருஷம்தான் புதிதாகச் செய்து மாட்டிய வாசல் கதவு, அதை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் வீடும் பக்கத்தில் இருந்த இரண்டு வீடும் போய்விட்டன. ஆள் சேதம் இல்லை. ஆண்கள் கழியைச் சுற்றித் திரும்பி வந்தார்கள். வடக்கு முகத்துவாரம் இரண்டு மணிக்கே திறந்துவிட்டதாம். பொறுமையாக இருந்திருந்தால் நம் வீட்டுத் தண்ணீரும் சாயங்காலத்துக்குள் தானாக வடிந்திருக்கும். சூசை மாமா தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். உன் அப்பா என்னிடம் வந்து, “கையக் காட்டு” என்றார். காட்டினேன். துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். அவர் அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை என்பதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மனுவைச் சொல்கிறேன். கடல் உடைத்திருந்தால் வீடு இழந்தவர்களுக்கு மனை கொடுப்பார்கள், ஊரே வெட்டிக்கொண்டது என்றால் கிடையாது என்று விசாரிக்க வந்த அதிகாரி வாய்விட்டே சொன்னார். எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மூன்று குடும்பம் கோயில் வராந்தாவில் படுத்திருந்தது. எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மனை கிடைத்தது. ஆனால் தெற்கே போன மணல் திரும்பி வரவில்லை. வாடைக் காற்றில் போவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் திரும்பும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள், வரவில்லை. வலை காயப்போட்ட கரை போனது, கரைவலை இழுத்த இடம் போனது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன், பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அவ்வளவு மலிவாக முடிந்ததே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

நீ நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை உடைத்துவிட்டு, காற்றில் விழுந்தது என்று சொன்னது நினைவிருக்கிறதா? பொய் சொன்னதற்காக உன்னைத் தெருவில் வைத்து அடித்தேன். சூசை மாமாதான் வந்து என் கையைப் பிடித்தார். “டீச்சர், பிள்ள பயந்துல்லா போனான். பயத்துல சொல்லுதவன இந்த அடியா அடிப்பாவ?” என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே உன்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நீ சின்னப்பிள்ளை என்று விட்டேன். பிறகு படிக்கிறாய் என்று விட்டேன். கடலைப் பற்றியே படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, இனி சொல்லவே முடியாது என்று விட்டேன். ஆகவே உன் தப்பில் பாதி என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி உன்னுடையது. பத்து நாள் இந்த ஊரில் தங்கினாய். குச்சி நட்டாய், கயிறு பிடித்தாய், அந்தப் பறக்கிற யந்திரத்தைப் பூநாரைக் கூட்டத்துக்கு மேலே விட்டு அத்தனையையும் கலைத்தாய். ஓர் ஆளிடமாவது உட்கார்ந்து, “மாமா, அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாயா? நூறு பேர் முன்னால் திரையைக் காட்டிக் கேட்டால் எவன் சொல்வான்? நீ பார்த்த படத்தில் வெட்டு இருக்கிறது. வெட்டாமல் நின்ற வருஷங்கள் அதில் இருக்கின்றனவா? எத்தனை தலைமுறையாக இந்த ஆண்கள் இரண்டு மைல் நடந்துபோய் ஒரே இடத்தில் வெட்டி, அந்தத் திட்டை அலுங்காமல் வைத்திருந்தார்கள்? அவர்களைப் போய்ச் சோம்பேறிகள் என்றாய். இனி மழை வந்தால் தூத்துக்குடியிலிருந்து காகிதம் வரும்வரை நாற்பது வீடும் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றாய். நான் செய்த தப்புக்கு வடக்கு முகத்துவாரத்தை இவர்களிடமிருந்து பிடுங்குகிறாய். அதுதான் கோபம். புரிகிறதா?

சனிக்கிழமை சாயங்காலம் ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சூசை மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உண்மையை எழுதி உன் அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன்.

“இப்ப எதுக்கு டீச்சர்? மனைய திருப்பித் தாங்கன்னு வந்து நின்னா?” என்றார் மாமா.

“வரட்டும்” என்றாள் ரெஜினா அக்கா. “தண்ணி வரும்போது வெட்டப் போறவன போலீசு பிடிக்கும்னா, அப்புறம் இந்த மனைய வச்சு மீனா காயப்போட? எழுதுளா. எழுதும்போது ஒண்ணு, மொத வெட்டு வெட்டுனது நான்னு எழுது.”

“நீ எங்கக்கா வெட்டுன? நான்தான மொதல்ல மம்பட்டியப் போட்டேன்?”

“போடீ. உனக்கு மம்பட்டியே நேரா பிடிக்கத் தெரியல. கால்ல போட்டுக்கிடப் போறாளேன்னு நான்தான் பிடுங்கி வெட்டுனேன்.” கையில் இருந்த நெத்திலியைச் சட்டியில் போட்டாள். “நான் கடக்கரையில பெறந்தவ. எங்கன வெட்டுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? ஏரல்காரி தெரியாம வெட்டுனா. நான் தெரிஞ்சு வெட்டுனேன். நாப்பது வீடு மண்சுவரு, எழுந்திரிக்க மாட்டாத கெழடு கட்டையெல்லாம் உள்ள கெடக்கு. என்ன செய்யச் சொல்லுத?”

நான் கேட்டேன்: “வீடு போவும்னு தெரியுமாக்கா?”

அவள் இன்னொரு நெத்திலியை எடுத்தாள். “அடுப்படி வரைக்கும் போவும்னு நெனச்சேன். முழுசும் போவும்னு நெனக்கல” என்றாள்.

இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பழியை நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்தேன். அவள் அதை என்னிடம் கேட்கவே இல்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், யார் முதலில் வெட்டியது என்று அங்கேயே அவளோடு சண்டைக்கு நின்றேன். அவளும் விடவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் சூசை மாமா எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, “ரெண்டு பேருமா வெட்டுனோம்னு எழுதித் தொலைங்களா” என்றார். அப்படியே எழுதினேன். மூன்று பக்கம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வடக்கே எங்கே வெட்டுவார்கள், எவ்வளவு ஆழம், எந்தக் காற்றில் மூடும் என்பதை மாமா சொல்லச் சொல்ல நான்காவது பக்கமாக எழுதிச் சேர்த்தேன். காரணமும் சொன்னார். அடியில் சிப்பி இல்லாத இடம் அது ஒன்றுதானாம். எத்தனையோ வருஷம் உன் அப்பாவிடம் கேட்டுக் கிடைக்காத பதில், அங்கே அரை நிமிஷத்தில் கிடைத்தது.

அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பவில்லை. உன் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் நேராகப் போய்விட்டது. உன்னைக் கேட்டிருந்தால் அம்மா பேர் வேண்டாம் என்பாய், வேறு மாதிரி எழுதலாம் என்பாய். ஒரு பொய் மனு போதும். உனக்கு ஆபீசில் சங்கடம் வரும், வரட்டும். உன் அறிக்கையில் அந்த வேலிப் பரிந்துரையை எடு. வேண்டுமானால் தெற்கு உடைப்புக்கு மட்டும் வேலி போடு, அதற்கு ஊரே சம்மதிக்கும், கேட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. பூசை முடிந்து எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள், சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வேண்டாம், திரை வேண்டாம். சோம்பேறிகள் என்று சொன்ன வாயால் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல். நானும் ரெஜினா அக்காவும் உனக்கு முன்னாலேயே எழுந்து எங்கள் பங்கைச் சொல்லியிருப்போம், அதனால் அம்மாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று தயங்காதே. முதல் வரிசையில் சூசை மாமா இருப்பார். தன் வீடு போகும்படி வெட்டியது யார் என்று தெரிந்தும், நம்மைக் காப்பாற்ற நூறு பேர் முன்னால் எழுந்து நின்று கடல் மேல் பழியைப் போட்ட மனுஷன். அவர் முகத்தைப் பார்த்துப் பேசு.

உன் அம்மா